நகல் யாருக்கு?

தட்டச்சுப் பொறியின் உருளையில் ஒரு வெள்ளைத்தாள், அதன் பின்னே ஒரு கார்பன் தாள், அதன் பின்னே மெல்லிய நகல் தாள், மறுபடியும் கார்பன், மறுபடியும் நகல் தாள் என்று ஐந்து பிரதிகளுக்கு வேண்டிய ஒன்பது தாள்களையும் ஓரம் பிசகாமல் தட்டிச் சேர்த்துச் செருகுவதுதான், 1979ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் ஓர் அரசுக் காரியாலயத்தில் தட்டச்சராக நான் உத்தியோகத்தில் அமர்ந்தபோது கற்றுக்கொண்ட முதல் வித்தை. விசையை எத்தனை பலமாக அடித்தாலும் ஐந்தாவது பிரதியில் எழுத்து மங்கித்தான் விழும். ஆறாவது பிரதி வேண்டுமென்றால் முதலிலிருந்து மறுபடியும் அடிக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்துப் பிழையாகிவிட்டாலோ, ஒவ்வொரு பிரதிக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகி, ஒவ்வொன்றாக ரப்பரால் தேய்த்து அழித்துவிட்டு, அதே இடத்தில் சரியான எழுத்தை அடிக்க வேண்டும். ஆகையால், கடிதத்தின் கடைசியில் "நகல்" என்ற தலைப்பின் கீழ் ஆறாவதாக ஒரு பெயரை எவரேனும் எழுதிக்கொண்டு வந்தால், சூப்பிரண்டு என்று நாங்கள் அழைத்த கண்காணிப்பாளர் அந்த வரைவை வாங்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எழுதியவரைப் பார்த்து, "இந்த நகல் யாருக்கு? அவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்பார். பதில் வரத் தாமதமானால் அந்தப் பெயர் சிவப்பு மையில் அடிபடும்.

இன்று மின்னஞ்சல் எழுதும் பெட்டியில் பெறுநரின் பெயருக்குக் கீழே "சி.சி." என்று இரண்டு எழுத்துக்கள் நிற்கின்றன. அவை கார்பன் காப்பி என்னும் சொற்களின் முதலெழுத்துக்கள் என்பது, கார்பன் தாளைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கரி படிந்த அந்தத் தாள் காரியாலயங்களை விட்டுப் போய்விட்டது. அதன் பெயர் மாத்திரம் கணினிக்குள் குடியேறி, விரல் நுனியில் கறை படியாமலும் ஓர் எழுத்துக்கூட மங்காமலும், ஐந்து பேருக்கென்ன, ஐந்நூறு பேருக்கு வேண்டுமானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரதி எடுத்து விநியோகித்துக்கொண்டிருக்கிறது. சூப்பிரண்டின் கேள்வியைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து நிறுவனம் ஒன்றில் எஞ்சினியராக இருந்த ரே டாம்லின்சன் என்பவர், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கிடையே ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் வழியாகக் கடிதம் ஒன்றை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, கணக்கர்கள் "இன்ன விலை வீதம்" என்பதைக் குறிக்க எழுதிவந்த வட்டச் சுழியை அவர் தேர்ந்துகொண்டார். நம்முடைய ஊரில் மின்னஞ்சல் விலாசம் சொல்லும்போது இன்றைக்கும் "அட் தி ரேட்" என்று சொல்கிறோமே, அது மளிகைக் கடைக் கணக்கின் மிச்சம்தான். அந்த முதல் கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டவர்களுக்கு, ஞாபகமில்லை, விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துக்களைப் போல ஏதோ தட்டியிருப்பேன் என்று டாம்லின்சன் சொன்னார். ஞாபகத்தில் நில்லாத கடிதங்களை அனுப்பும் சம்பிரதாயம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது போலும்!

இந்தச் சாதனத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அரசு உத்தியோகத்தில் பாதிக் காலமும் பிறகு சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் மீதிக் காலமும் கழித்தவன் என்ற முறையில், தபாலுக்கு நான்கு நாள் காத்திருந்த காலத்தையும் நான்கு நிமிஷத்தில் மறுமொழி கிடைத்த காலத்தையும் ஒருங்கே அனுபவித்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். பழைய நாளில் ஒரு கடிதம் வெளியே போக வேண்டுமென்றால், வரைவு எழுதுவது, அதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் பெறுவது, சுத்தப் பிரதி அடிப்பது, இருவராக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது, கையொப்பம், பதிவேடு, உறை, தபால் தலை என்று சிரமமெல்லாம் அனுப்புகிறவருடைய தலையில் இருந்தது. படிக்கிறவருக்கோ, சுருக்கமும் ஒழுங்கும் உள்ள ஒரு தாள் கைக்கு வந்தது. இன்று அனுப்புகிறவருக்கு ஒரு காசுச் செலவில்லை, ஒரு நிமிஷச் சிரமமும் இல்லை. அந்தச் சிரமம் மாயமாய் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. படிக்கிறவருடைய மேஜைக்கு இடம் மாறிவிட்டது. எதைப் பற்றியது, என்ன கேட்கிறார், எந்தத் தேதிக்குள், என்னிடமா அல்லது வேறொருவரிடமா என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் இப்போது பெறுநருடையது. பெறுநர் இருபது பேர் என்றால் அந்த வேலையும் இருபது மடங்கு. மின்னஞ்சலில் நல்ல பழக்கம் என்று நான் எதையெல்லாம் கருதுகிறேனோ அதெல்லாம், கணினி எடுத்துப்போட்டுவிட்ட அந்தச் சிரமத்தில் ஒரு பகுதியை அனுப்புகிறவர் தாமாக முன்வந்து மறுபடியும் ஏற்றுக்கொள்வதே ஆகும்.

முதலில் பொருள் வரியைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு, அனுப்புநர், பெறுநர், ந.க. எண், நாள் என்பவற்றுக்குப் பின் "ஐயா" என்று விளித்து, அதன் கீழே "பொருள்" என்று எழுதும் முறை தெரிந்திருக்கும். அது ஏனோதானோ என்று எழுதுவதல்ல. "கட்டடங்கள் - அலுவலகக் கட்டடம் - மேற்கூரைப் பழுது - சீரமைக்க நிதி ஒதுக்கீடு கோருதல் - தொடர்பாக" என்று பெரிய வகையிலிருந்து சிறிய வகைக்குப் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் என்ன கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லி நிற்கும். கடிதத்தைப் பிரிக்காமலே, அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டியது, அவசரமா அன்றா என்று தபால் பிரிக்கும் உதவியாளர் சொல்லிவிடுவார். அதைக் காலனி ஆட்சியின் சடங்கு என்று எள்ளி நகையாடுகிறவர்கள் இன்றைக்கு எழுதும் பொருள் வரிகள் எப்படி இருக்கின்றன? "வணக்கம்" என்று ஒன்று. "அவசரம்" என்று ஒன்று. "சிறு உதவி" என்று ஒன்று. பொருள் வரியே இல்லாமல் வெறுமனே வருவது வேறொன்று. "லீவு ரெக்." என்று எழுதுகிற பிள்ளைகள், அந்த "ரெக்." என்பது பழைய "தொடர்பாக"வின் ஆங்கில உடன்பிறப்பு என்று அறியாமல், வாலை மாத்திரம் வைத்துக்கொண்டு மாட்டை விட்டுவிட்டார்கள்.

பொருள் வரியில் மூன்று சங்கதிகள் இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்: எதைப் பற்றி, என்ன வேண்டும், எப்போதைக்குள். "அக்டோபர் மாதச் சரக்குப் பட்டியல் - உங்கள் ஒப்புதல் தேவை - வெள்ளி மாலைக்குள்" என்று எழுதினால், பேருந்தில் நின்றபடி கைபேசியைப் பார்க்கும் அதிகாரிக்குக்கூட விஷயம் விளங்கிவிடும். தேடுவதற்கும் அதுவே துணை. ஆறு மாதம் கழித்து ஒரு கடிதத்தை எடுக்க வேண்டி, "அவசரம்" என்று தேடிப் பார்த்து ஆயிரம் அவசரங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. சரக்குப் பட்டியலைப் பற்றித் தொடங்கிய கடிதத்தொடர், எட்டாவது மறுமொழியில் தீபாவளி போனஸைப் பற்றியதாக மாறிவிட்டால், பொருள் வரியையும் மாற்றிப் புதிய கடிதமாகத் தொடங்குவதே கிரமம். பழைய பெயரிலேயே நடத்திக்கொண்டு போவது, ஒரு கோப்பின் அட்டைக்குள் வேறொரு கோப்பைக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

பொருளுக்கு அடுத்தது பார்வை. "பார்வை" என்ற தலைப்பின் கீழ் முன்கடிதங்களின் எண்ணையும் தேதியையும் வரிசையாகக் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். மின்னஞ்சலில் முன்கடிதங்கள் தாமாகவே கீழே தொங்கிக்கொண்டு வருவதால் அந்தச் சிரமம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிடப் பெரிய சிரமம் உண்டாகிவிட்டது. இருபத்துமூன்று கடிதங்கள் வாலாகத் தொங்க, தலையில் "கீழே உள்ளதைப் பார்த்து ஆவன செய்யவும்" என்ற ஒரே வரியோடு எனக்கு ஒருமுறை கடிதம் வந்தது. ஆவன செய்ய நான் ஆயத்தமாகவே இருந்தேன்; ஆவன எவை என்பதுதான் விளங்கவில்லை. தலைகீழாக அடுக்கியிருந்த அந்தப் புராணத்தைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி முக்கால் மணி நேரம் வாசித்த பிறகு, கோயம்புத்தூர்க் கிளைக்கு ஓர் அச்சு இயந்திரம் மாற்றித் தர வேண்டும், அதற்கு என் கையொப்பம் வேண்டும் என்பது தெரிந்தது. அனுப்பியவர் மேலே இரண்டு வரி எழுதியிருந்தால் அவருக்கு ஒரு நிமிஷம் செலவாகியிருக்கும். ஒன்றை மற்றொருவருக்குத் தள்ளிவிடும்போது, இதுவரை நடந்தது இது, இப்போது உங்களிடம் வேண்டுவது இது என்று தலைப்பில் எழுதிவிட்டுத் தள்ளுவதே தர்மம்.

"ஆவன செய்யவும்" என்ற அந்தத் தொடரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நம்மவர்கள் "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" என்று எழுதுவதை மேல்நாட்டார் கேலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நம் இளைஞர்கள் வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டு "கைண்ட்லி லுக் இன்டு திஸ்" என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் என்ன பேதம்? குற்றம் ஆங்கிலத்தில் இல்லை. செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்காமல், அந்தப் பொறுப்பையும் படிக்கிறவரிடம் கொடுத்துவிடுவதில் இருக்கிறது. "இணைத்துள்ள மூன்று விலைப்புள்ளிகளில் இரண்டாவதை ஏற்கலாம் என்பது என் கருத்து, காரணம், மற்ற இரண்டிலும் போக்குவரத்துச் செலவு சேரவில்லை, தங்கள் சம்மதத்தைப் புதன்கிழமைக்குள் தெரிவித்தால் வியாழனன்று ஆர்டர் கொடுத்துவிடலாம்" என்று எழுதுகிறவர், படிக்கிறவருக்கு "சரி" என்ற ஒரே சொல்லை மாத்திரம் மிச்சம் வைக்கிறார். இதைவிடப் பெரிய மரியாதை காரியாலய உலகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. "இந்தக் கடிதம் தங்களை நல்ல சுகத்தில் சந்திக்கும் என்று நம்புகிறேன்" என்ற ஆங்கில உபசாரத்தை எந்தக் கடிதத்தின் தலையிலும் ஒட்டிவைப்பதைக் காட்டிலும் இது மேல். நலம், நலமறிய அவா என்று எழுதிய நம் பாட்டனார்கள் உண்மையிலேயே நலம் அறிய அவாவினார்கள்; விலைப்புள்ளி கேட்பவருக்கு அந்த அவா இருக்க வேண்டிய அவசியமில்லை. பெயரைச் சொல்லி ஒரு வணக்கம் போதும்.

இனி, தொனி. இதுதான் நான் அடிபட்டுக் கற்ற பாடமாகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தனியார் நிறுவனத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர், ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாத விதமாக எழுதுவார். ஒருநாள் அவரிடமிருந்து அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் பக்கத்து அறை நண்பருக்குத் தள்ளிவிட்டு, "இது எழுதியவருக்காவது விளங்கியிருக்குமா, கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதுவதாக நினைத்துக்கொண்டு, ஃபார்வர்டு என்ற பொத்தானுக்குப் பதிலாக ரிப்ளை என்ற பொத்தானை அழுத்தி, அந்த வரியைச் சுற்றறிக்கை எழுதியவருக்கே அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுமொழி வந்தது: "நாளைக் காலை பத்து மணிக்கு என் அறைக்கு வந்தால் விளக்குகிறேன்." அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் போனேன், அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்து, சுற்றறிக்கையை வரி வரியாக விளக்கினார், அந்த நகையாடலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்துபோயிருப்பேன். அன்று முதல் எனக்கு ஒரு விரதம்: கடிதத்தை முழுவதும் எழுதி முடித்து, ஒருமுறை வாசித்த பிறகுதான், கடைசிக் காரியமாகப் பெறுநரின் விலாசத்தை நிரப்புவது. விலாசமில்லாத கடிதத்தைக் கை தவறி அனுப்ப முடியாதல்லவா? அனுப்பிய பின்பு திரும்ப இழுத்துக்கொள்ள ஜிமெயில் முதலியவை வசதி செய்து வைத்திருக்கின்றன. அமைப்பில் கேட்டுக்கொண்டால் முப்பது விநாடி வரை அவகாசம் கொடுக்கும். அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்; ஆனால் மனிதனுக்குப் புத்தி வருவது பெரும்பாலும் முப்பத்தோராவது விநாடியில்தான்.

பரிகாசம் எழுத்தில் ஏறாது என்பதை ஆராய்ச்சியாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைக் குத்தலான வாக்கியங்களையும் நேரான வாக்கியங்களையும் மின்னஞ்சலிலும் குரலிலும் சொல்லச் செய்து, கேட்டவர்களுக்கு எது குத்தல், எது நேர் என்று புரிகிறதா என்று பார்த்தார்கள். எந்த வழியில் சொன்னாலும் நூற்றுக்கு 78 தரம் புரிந்துவிடும் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். குரலில் அந்த நம்பிக்கை ஏறக்குறையப் பலித்தது. எழுத்தில் புரிந்தது 56 தரம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 தரம் சரியாக விழும். எழுதுகிறவர் தம் மனத்துக்குள் ஒலிக்கும் குரலோடு சேர்த்து வாசிக்கிறார், படிக்கிறவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆகவே கோபம், குறை, வருத்தம், ஒருவரைத் திருத்துவது ஆகிய நான்கையும் மின்னஞ்சலில் செய்யாமல், எழுந்து நாலு எட்டு நடந்து போயோ, தொலைபேசியை எடுத்தோ செய்வது நலம். எழுதித்தான் ஆற வேண்டும் என்றிருந்தால் எழுதி, வரைவுப் பெட்டியில் ஓரிரவு போட்டுவையுங்கள். காலையில் பாதி உஷ்ணம் தணிந்திருக்கும்.

"எல்லோருக்கும் மறுமொழி" என்ற பொத்தானைப் பற்றிப் பேசாமல் இந்த வியாசம் நிறைவு பெறாது. 1997ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நடந்த ஒரு கூத்தை அந்நிறுவனத்தாரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். சுமார் 13,000 பேர் கொண்ட ஓர் அஞ்சல் பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஒருவர், ஏன் என்னை இதில் சேர்த்தீர்கள், எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பட்டியலுக்கே எழுதினார். "என்னையும்" என்று பலர் எழுதினார்கள். எல்லோருக்கும் எழுதாதீர்கள் என்று வேறு சிலர் எல்லோருக்கும் எழுதினார்கள். சில மணி நேரத்தில் ஒன்றரைக் கோடிக் கடிதங்கள் பாய்ந்து, மின்னஞ்சலை உலகத்துக்கு விற்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலே மூச்சுத் திணறி நின்றது. நம் காரியாலயங்களில் இது தினந்தோறும் சின்ன அளவில் நடக்கிறது. ஒருவருக்குப் பதவி உயர்வு என்று செய்தி வந்தால் அறுபது பேர் அறுபது பேருக்கும் "வாழ்த்துக்கள்" என்று எழுதுகிறார்கள். வாழ்த்துகிறவருடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது வாழ்த்துப் பெறுபவருக்குப் போனால் போதாதா, மற்ற ஐம்பத்தெட்டுப் பேர் அதற்குச் சாட்சி கையொப்பம் போட வேண்டுமா?

மறைநகலான "பி.சி.சி."யை நல்லதற்கும் பயன்படுத்தலாம், கெட்டதற்கும் பயன்படுத்தலாம். ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்கள் நூறு பேருக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது, ஒருவர் விலாசம் மற்றொருவருக்குத் தெரியாமல் காப்பது அதன் நல்ல பிரயோஜனம். சக ஊழியருக்கு எழுதும் கடிதத்தை அவருக்குத் தெரியாமல் மேலதிகாரிக்குக் காட்டுவது கோள் மூட்டுவதேயன்றி வேறல்ல. மறைவில் இருக்கும் அந்த மேலதிகாரி அவசரத்தில் எல்லோருக்கும் மறுமொழி கொடுத்துவிட்டால் குட்டு வெளிப்பட்டும் போகும்.

இணைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைக்கிறேன் என்று எழுதிவிட்டு இணைக்க மறப்பது மனித சுபாவம். ஆகையால் கோப்பை முதலில் இணைத்துவிட்டுக் கடிதத்தைப் பிறகு எழுதுங்கள். "கடைசி", "கடைசி புதியது", "கடைசி புதியது 2" என்று பெயரிடுவதை விட்டுத் தேதியை வைத்துப் பெயரிடுங்கள். ஜிமெயில் ஒரு கடிதத்தில் 25 மெகாபைட் வரைதான் ஏற்கும். அனுப்பும்போது கோப்பு எழுத்து வடிவமாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவதால், கணினியில் இருபதாகக் காட்டுவது வழியில் இருபத்தாறைத் தாண்டித் திரும்பி வந்துவிடலாம். பெரிய கோப்பைப் பொது இடத்தில் வைத்து அதன் சுட்டியை மாத்திரம் அனுப்புவது உத்தமம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பை அனுப்பிவிட்டு, அதே கடிதத்தில் கடவுச்சொல்லையும் எழுதுகிறவர்கள், பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்குச் சமானம்.

மின்னஞ்சல்தானே, கடிதமா என்ன, என்று அலட்சியமாக எழுதுகிறவர்களுக்குச் சட்டத்தின் போக்கு தெரிந்திருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. டிரைமெக்ஸ் என்ற துபாய் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே பாக்சைட் தாதுச் சரக்கு வாங்குவது பற்றிய வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் எவரும் கையொப்பமிடவில்லை என்ற வாதத்தை ஏற்காமல், 2007 அக்டோபரில் மின்னஞ்சலில் ஒருவர் சொன்ன நிபந்தனைகளை மற்றவர் மின்னஞ்சலிலேயே ஒப்புக்கொண்டதால் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்று உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. "ஓகே" என்று இரண்டெழுத்தை அனுப்பும் விரலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

பலம் இருக்கும் இடத்துக்குத் திருடனும் வருவான். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் இதை மாத்திரம் வெட்டி மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளலாம்: வழக்கமாகச் சரக்குத் தருபவரிடமிருந்து, எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்கில் பணம் செலுத்துங்கள் என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்துக்கு மறுமொழி எழுதியோ, அதில் கண்ட எண்ணுக்குப் பேசியோ சரிபார்ப்பது பயனற்ற வேலை. முன்பே நம்மிடம் இருக்கும் எண்ணில், நமக்குப் பழக்கமான ஆளோடு பேசிய பிறகுதான் ஒரு ரூபாயாவது போக வேண்டும். ஆங்கில "எம்" எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" என்ற இரண்டெழுத்தை நெருக்கி வைத்து விலாசத்தை அசலைப் போலவே செய்துவிடுகிறார்கள். என்னைப் போல் கண்ணாடி போட்டவர்கள் அகப்படுவது நிச்சயம். பணம் போய்விட்டதென்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் செய்கிற புகாருக்கே பணத்தை வழியில் மறிக்கும் வாய்ப்பு அதிகம்.

எந்நேரமும் இன்பாக்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் வியாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் காரியாலயத்தில் தபால் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வரும். நடுவில் வேலை நடந்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 124 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று முறை மாத்திரம் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில், நினைத்தபோதெல்லாம் பார்த்த வாரத்தைவிட மன உளைச்சல் குறைந்திருந்ததைக் கண்டார்கள். காலையில் ஒருதரம், சாப்பாட்டுக்குப் பின் ஒருதரம், புறப்படுமுன் ஒருதரம் என்று வைத்துக்கொள்ளலாம், மணியோசையை அணைத்துவிடலாம். ஆனால் இந்த உபதேசத்தைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது அநியாயம் என்பதையும் நான் உணர்கிறேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு மேலாளர் கடிதம் அனுப்பி, காலை ஏழு மணிக்கு ஏன் மறுமொழி இல்லை என்று கேட்டால், எந்த உதவியாளர் மூன்று முறை மாத்திரம் பார்ப்பார்? பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்கு அப்படி ஒன்று வருமட்டும், இரவில் யோசனை உதிக்கும் அதிகாரிகள் கடிதத்தை இரவிலேயே எழுதி, காலை ஒன்பதரை மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைக்கட்டும். அதற்கான வசதி அவர்கள் கையிலுள்ள சாதனத்திலேயே இருக்கிறது.

பழைய காரியாலயத்தை நான் சொர்க்கம் என்று சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று என்று வந்தும் அசையாத கோப்புகள் அங்கே இருந்தன. அந்தப் பொருள், பார்வை என்ற கோட்டைச் சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காலம் கழித்தவர்களும் இருந்தார்கள். ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு "பார்வை 3இல் கண்ட கடிதம் கிடைக்கப்பெறவில்லை" என்ற காரணத்தால் எட்டு மாதம் தூங்கியதை நானே கண்டிருக்கிறேன். அப்படிச் சொன்ன கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நானே. இன்றைக்கென்றால் அந்த அம்மாளின் மகன் கிடைக்கப்பெறாத கடிதத்தை ஒரு நிமிஷத்தில் மறுபடியும் அனுப்பியிருப்பான்.

சென்ற வாரம் என் தம்பி மகள், தன் நிறுவனத்துக்கு நாற்காலிகள் தருவித்த கடைக்காரருக்கு எழுதிய கடிதத்தைக் கைபேசியில் காட்டி, "பெரியப்பா, இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். ஆங்கிலம் சரியாகவே இருந்தது. பொருள் வரி "டெலிவரி ரெக்." என்றிருந்தது, பத்து வரிக்குப் பிறகு, நாற்பது நாற்காலிகளில் ஆறு வரவில்லை என்ற செய்தி வந்தது. ஆறு நாற்காலிகளையும் மேலே ஏற்றி, தேதியைப் போட்டு, நாலு வரியாகச் சுருக்கினோம். நகல் வரிசையில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டி, "இவர் இதை வச்சுக்கிட்டு என்ன செய்வார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்து பெயர்கள் போயின. ஆறாவது, கணக்குப் பிரிவு. பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றாள். நியாயம், இருக்கட்டும் என்றேன். ஏழாவது பெயருக்குக் கொஞ்சம் தயங்கினாள்.

"எங்க மேனேஜர். அவருக்கு ஒண்ணும் செய்யறதுக்கில்லை. ஆனா போடலேன்னா கோவிச்சுக்குவார்."

அந்தப் பெயரை அடிக்கும்படி நான் வற்புறுத்தவில்லை.